புகை விலகிய கதை – 14: பீடி தொடாத தாய்

சென்ற வாரம் கொச்சியில் நிறுத்தினோம். 1999 ஜூலை 12. கல்லூரிப் பேராசிரியை மோனம்மா கோக்காட்டும் கே.ராமகிருஷ்ணனும் தொடுத்த வழக்கில், பொது இடத்தில் புகைபிடிப்பது சட்டவிரோதம் என்று கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்தவர் விடும் புகையைச் சுவாசிக்கும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்துவது, அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழும் உரிமையைப் பறிப்பது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

அந்த அமர்வில் இருந்தவர்களில் ஒருவர் அன்றைய பொறுப்புத் தலைமை நீதிபதி ஏ.ஆர்.லட்சுமணன். தேவகோட்டைக்காரர். புதுக்கோட்டையில் பஸ் ஏறினால் திருமயம், காரைக்குடி தாண்டி அவருடைய ஊர்.

பிறகு காரியங்கள் வேகமெடுத்தன. 2001 நவம்பர் 2-இல் முரளி தேவ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவமனை, பள்ளி, நூலகம், நீதிமன்றம், பஸ், ரயில் ஆகிய இடங்களில் புகையைத் தடுக்க உத்தரவிட்டது. தமிழ்நாடு 2002-இல் தனிச் சட்டம் இயற்றியது. 2003-இல் நாடாளுமன்றம் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. 2004 மே 1 முதல் பொது இடத் தடை நடைமுறைக்கு வந்தது.

தடை செய்யும் நான்காவது பிரிவு மிகச் சிறியது. எந்த நபரும் எந்தப் பொது இடத்திலும் புகைபிடிக்கக் கூடாது. சில விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் விமான நிலையங்களுக்கும் மட்டும் தனி அறை விலக்கு. அவ்வளவுதான்.

அந்தப் பிரிவில் கர்ப்பிணி இல்லை. வயிற்றில் இருக்கும் பிள்ளையும் இல்லை.

இந்த வாரக் கதை, சட்டத்தில் பெயர் வராத அந்தப் பிள்ளையைப் பற்றியது.

*

2008 அக்டோபர் 2

சட்டம் 2004-இல் வந்தாலும் நான்கு வருடம் அது தூங்கியது என்பதே உண்மை. ஹோட்டலில் சாப்பிட்டு முடித்தவர் மேசையிலேயே பற்றவைத்தார். அலுவலகத்தில் கோப்புக்குப் பக்கத்தில் சாம்பல் கிண்ணம் இருந்தது.

அன்றைய மத்திய சுகாதார அமைச்சர் அன்புமணி ராமதாஸ். 2008 மே மாதம் புதிய விதிகள் வெளியாயின. காந்தி ஜயந்தியன்று அமலுக்கு வரும் என்று தேதியும் குறிக்கப்பட்டது. புகையிலை நிறுவனமும் ஹோட்டல்காரர்களும் நீதிமன்றம் போனார்கள். செப்டம்பர் கடைசியில், அமலுக்கு வரச் சில நாட்களே இருக்கும்போது, இடைக்காலத் தடை தர உச்ச நீதிமன்றம் மறுத்தது.

அந்த விதிகளைப் படித்துப் பார்த்தால், எழுதியவர்கள் நம் ஊர் வழக்கத்தை நன்றாகத் தெரிந்தவர்கள் என்பது புரியும். பிடிப்பவனைப் பிடித்து 200 ரூபாய் வரை அபராதம் என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. கடையின் முதலாளியை, அலுவலகத்தின் மேலாளரைப் பொறுப்பாளி ஆக்கினார்கள். சாம்பல் கிண்ணம் வைக்கக் கூடாது. தீப்பெட்டியோ லைட்டரோ எடுத்துக் கொடுக்கக் கூடாது. நுழைவாயிலில் 60-க்கு 30 சென்டிமீட்டருக்குக் குறையாத வெள்ளைப் பலகை, அதில் சிவப்பு வட்டம், உள்ளே குறுக்குக்கோடு போட்ட சிகரெட் அல்லது பீடி. இங்கே புகைபிடிப்பது குற்றம் என்ற வாசகம். யாரிடம் புகார் சொல்வது என்ற விவரமும் அங்கேயே இருக்க வேண்டும்.

பொது இடம் என்பதற்குப் பொருளும் விரிந்தது. வேலை செய்யும் இடம், டீக்கடை, சினிமா கொட்டகை, பஸ் நிலையம் எல்லாம் உள்ளே வந்தன.

இரண்டு இடங்கள் வெளியே நின்றன. ஒன்று வயல்காடு. மற்றது வீடு.

*

செவ்வாய்க்கிழமை பெஞ்சு

புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றுக்குச் செவ்வாய்க்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். கர்ப்பிணிகளின் நாள் அது. அன்னவாசலோ கறம்பக்குடியோ, காட்சி பெரிதாக மாறாது. நீளப் பெஞ்சில் பெண்கள், மடியில் அட்டை, கூட வந்த மாமியார். எடை, ரத்த அழுத்தம், ரத்தப் பரிசோதனை. வாசலில் புகைபிடிக்கத் தடை என்ற பலகை.

கேட் தாண்டினால் பெட்டிக்கடை. கம்பத்தில் கட்டிய கயிற்றின் நுனி நாள் முழுக்கக் கனன்றுகொண்டிருந்த காலம் இருந்தது. பல கடைகளில் அந்த இடத்தை லைட்டர் பிடித்துக்கொண்டது. மனைவியைக் கொண்டுவந்து விட்ட ஆண்கள் அங்கேதான் நிற்பார்கள். ஒத்தை சிகரெட்டாகத்தான் வியாபாரம்.

உள்ளே செவிலியரின் கேள்வி வழக்கமாக இப்படித்தான் வரும்.

“ஏம்மா, வீட்ல யாரும் பீடி சிகரெட்டு குடிக்கிறாங்களா?”

“அவுக குடிப்பாக அக்கா. ஆனா திண்ணையிலதான். உள்ள வரமாட்டாக.”

அதோடு அந்தக் கேள்வி முடிந்துவிடும். அந்தப் பெண் தன் வாழ்நாளில் பீடியைத் தொட்டிருக்க மாட்டாள். இந்தியாவில் பெரியவர்களின் புகையிலைப் பழக்கத்தைப் பற்றி 2016-17இல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பு சொல்கிறது: ஆண்களில் 19 சதவீதம் பேர் புகைபிடிக்கிறார்கள், பெண்களில் 2 சதவீதம். ஆனால் வீட்டுக்குள் பிறர் புகையைச் சுவாசிப்பவர்கள் சுமார் 39 சதவீதம்.

தாய் பிடிப்பதில்லை. ஆனாலும் பிள்ளைக்குப் புகை போய்ச் சேருகிறது. நம் நாட்டுக் கதையின் முடிச்சு இதுதான். மேல்நாட்டுக் கதையிலிருந்து இது விலகும் இடமும் இதுதான்.

*

வழி எப்படி?

புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துவிடும். தாய் ஒரு மூச்சு கூடுதலாக இழுத்துச் சமாளிப்பாள். வயிற்றுப் பிள்ளைக்குத் தனி மூச்சு கிடையாது. அதற்கு வருவதெல்லாம் நச்சுக்கொடி வழியாக வருவதுதான்.

நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். நச்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் குறையும். உணவும் குறையும்.

சிகரெட்டின் நுனியிலிருந்து காற்றில் கலக்கும் புகை, இழுத்து விட்ட புகையைவிடச் சுத்தமானது அல்ல. பல நச்சுகளின் அடர்த்தி அதில்தான் அதிகம். பக்கத்தில் இருப்பவர் சுவாசிப்பது பெரும்பாலும் அதைத்தான்.

சண்டிகர் அரசு மருத்துவமனை மருத்துவர்கள் 2004-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 576 பெண்கள். பிறர் புகைக்கு ஆளானவர்களில் 24.1 சதவீதம் பேருக்குக் குறைமாதப் பிரசவம், ஆளாகாதவர்களில் 16.1 சதவீதம். வயிற்றில் இருந்த வாரக் கணக்குக்குத் தேவையான எடை இல்லாமல் பிறந்த குழந்தைகள் 31.9 சதவீதம், மற்றவர்களில் 17.2.

ஆக, புகை கெடுதல் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருந்தது. ஆனால் அடுத்த கேள்வி வேறு. சட்டம் போட்டால் அந்தக் கெடுதல் குறையுமா? பலகை மாட்டினால் பிள்ளை பிழைக்குமா?

இதற்கு ஒரு விடை கிடைத்தது, வெகு தொலைவில் இருக்கும் ஒரு குளிர்நாட்டில்.

*

ஸ்காட்லாந்து

2004 மார்ச் 29-இல் அயர்லாந்து, நாடு முழுவதும் வேலையிடங்களையும் மதுக்கூடங்களையும் புகையற்றதாக்கிய முதல் நாடானது. பின்னர் 2006 மார்ச் 26-இல் ஸ்காட்லாந்தும் அதைச் செய்தது.

கிளாஸ்கோவில் டேனியல் மெக்கே, ஜில் பெல் உள்ளிட்ட ஆய்வாளர்கள் கையில் ஒரு புதையல் இருந்தது. பிரசவப் பதிவேடு. அந்த நாட்டில் கர்ப்பிணி முதல்முறை பதிவுக்கு வரும்போதே, புகைபிடிப்பவளா, விட்டவளா, தொடாதவளா என்று கேட்டு எழுதிவிடுவார்கள். பிரசவத்தின்போது வாரமும் எடையும் அதே பதிவில் சேரும்.

1996 முதல் 2009 வரையிலான ஏழு லட்சத்துக்கும் அதிகமான பிரசவங்களை வரிசையாக வைத்துப் பார்த்தார்கள்.

கர்ப்பிணிகளில் புகைபிடிப்பவர்கள் 25.4 சதவீதத்திலிருந்து 18.8 ஆகக் குறைந்திருந்தார்கள். குறைமாதப் பிரசவங்கள் பத்தில் ஒன்றுக்கும் மேல் குறைந்திருந்தன.

இங்கேதான் அவர்களைத் திகைக்கவைத்த ஒன்று வந்தது. குறைவு தொடங்கியது மார்ச் 26-இல் அல்ல. அதற்கு மூன்று மாதம் முன்பு, ஜனவரியிலேயே.

சட்டம் வருவதற்கு முன்பே சட்டத்தின் பலனா? ஆய்வையே கவிழ்த்துவிடக்கூடிய கேள்வி. வேறு ஏதோ காரணத்தால் எண்ணிக்கை இறங்கியிருந்தால், சட்டத்துக்கு அதில் பங்கே இல்லை என்றாகிவிடும்.

அவர்கள் அதை மறைக்கவில்லை. அப்படியே எழுதி, விளக்கமும் தேடினார்கள். தடை வரப்போகிறது என்று நாடே பேசிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. எப்படியும் விடத்தானே வேண்டும் என்று பலர் முன்கூட்டியே விட்டிருக்கலாம். சட்டப்புத்தகத்தில் தேதி வரும் முன்பே மனிதர்களின் பழக்கத்தில் தேதி வந்துவிட்டது.

இன்னொரு கண்டுபிடிப்பு எனக்கு இதைவிடப் பெரிது. புகைபிடிக்கும் தாய்மார்களிடம் மட்டுமல்ல, வாழ்நாளில் தொடாத தாய்மார்களிடமும் குறைமாதப் பிரசவம் குறைந்திருந்தது. அவர்கள் எதையும் விடவில்லை. அவர்களைச் சுற்றியிருந்த காற்று மாறியது.

அன்னவாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு ஸ்காட்லாந்தில் ஒரு சகோதரி இருக்கிறாள் என்றால், அது இந்த இரண்டாவது கூட்டத்தில்தான்.

*

பெல்ஜியத்தின் மூன்று படிகள்

ஒரு நாட்டில் ஒரு தேதி. அது தற்செயலாக இருக்கலாம் என்று சந்தேகிப்பவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

பெல்ஜியம் அறியாமலே அதற்கு விடை தயாரித்து வைத்திருந்தது. அங்கே தடை ஒரே நாளில் வரவில்லை. 2006 ஜனவரியில் வேலையிடங்கள். 2007 ஜனவரியில் உணவகங்கள். 2010 ஜனவரியில் உணவு பரிமாறும் மதுக்கூடங்கள்.

ஹாசெல்ட் பல்கலைக்கழகத்தின் பியாங்கா காக்ஸ், டிம் நாவ்ராட் குழுவினர் பிளாண்டர்ஸ் பகுதியின் ஆறு லட்சம் பிரசவங்களை எடுத்துக்கொண்டார்கள். தடைக்கு முந்தைய காலத்தில் குறைமாதப் பிரசவத்தில் இறக்கமே இல்லை. 2007 ஜனவரியில் சுமார் 3 சதவீத இறக்கம். 2010 ஜனவரிக்குப் பிறகு ஆண்டுக்கு ஏறத்தாழ 2.6 சதவீதம் வீதம் மேலும் இறக்கம்.

தடை ஒவ்வொரு படியாக ஏறியது. குறைமாதப் பிரசவம் படியாக இறங்கியது. தற்செயல் என்று சொல்வது அதற்குப் பிறகு கடினமாகிவிட்டது. ஆய்வு 2013-இல் வெளியானது.

மறு ஆண்டு மார்ச் மாதம் ஜாஸ்பர் பீன் தலைமையிலான குழு வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்த 11 ஆய்வுகளைத் திரட்டியது. 25 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள். குறைமாதப் பிரசவம் 10.4 சதவீதம் குறைவு. ஆஸ்துமாவுக்காகக் குழந்தைகளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்வதும் 10.1 சதவீதம் குறைவு. எடைக்குறைவில் உறுதியான மாற்றம் தெரியவில்லை என்பதையும் அவர்களே எழுதினார்கள்.

அந்தப் பதினொன்றில் ஆசியாவின் ஆய்வு ஒன்றுகூட இல்லை.

*

திண்ணையைத் தாண்டுமா?

மேல்நாட்டில் பெண்கள் வேலைக்குப் போகும் இடத்தில், சாப்பிடும் இடத்தில், மதுக்கூடத்தில் புகைக்குள் இருந்தார்கள். சட்டம் அந்த இடங்களைச் சுத்தம் செய்தது. பலன் நேராக வந்தது.

ஆலங்குடிப் பக்கத்துக் கர்ப்பிணி புகைக்குள் இருப்பது பெரும்பாலும் தன் வீட்டில். சட்டம் அங்கே நுழைவதில்லை. அப்படியானால் சட்டத்தால் அவளுக்கு என்ன?

2013-இல் வந்த ஓர் ஆய்வு இதற்கு நம்பிக்கை தரும் விடை ஒன்றைத் தந்தது. ஜான் டாயு லீ, கிறிஸ்டோபர் மில்லட் குழுவினர் இந்தியாவின் 2009-10 புகையிலைக் கணக்கெடுப்பை அலசினார்கள். புகையற்ற அலுவலகத்தில் வேலை செய்பவர்களில் 64 சதவீதம் பேரின் வீடும் புகையற்றது. புகை அனுமதிக்கப்படும் இடத்தில் வேலை செய்பவர்களில் அது 41.7 சதவீதம்தான்.

எட்டு மணி நேரம் பிடிக்காமல் இருந்து பழகியவன், வீட்டிலும் வெளியே போய்ப் பிடிக்கப் பழகுகிறான் என்பது இதற்கு ஒரு விளக்கம். ஏற்கெனவே கட்டுப்பாடு உள்ளவர்கள்தான் அத்தகைய வேலைக்கும் போகிறார்கள் என்பது இன்னொன்று. இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒரே ஒரு கணக்கெடுப்பு போதாது.

புதுக்கோட்டைக்காரர்களுக்கு இதைப் புரியவைக்கப் பெரிய ஆய்வு தேவையில்லை. சிங்கப்பூரில் பஸ்ஸிலும் சினிமா கொட்டகையிலும் 1970-லேயே தடை வந்துவிட்டது. இந்த மாவட்டத்திலிருந்து அங்கே வேலைக்குப் போன குடும்பங்கள் எத்தனையோ. அங்கே மஞ்சள் கோட்டுக்கு அப்பால் பற்றவைக்கப் பயப்படும் மனிதர், லீவில் வந்ததும் திண்ணையில் பாக்கெட்டைப் பிரிக்கிறாரா, அதே பழக்கத்தைக் கூடவே கொண்டுவருகிறாரா? இரண்டு வகையினரையும் இங்கே எல்லா ஊரிலும் பார்க்கலாம்.

வீட்டுக்குள் புகைக்கு ஆளாகும் இந்தியர்கள் 2009-10இல் 52 சதவீதம். ஏழு ஆண்டுகளில் 39 ஆகக் குறைந்தார்கள். சட்டம் நுழையாத இடத்தில் நடந்த மாற்றம் இது. என் கணிப்பில், வாசற்படியைத் தாண்டியது சட்டப்பிரிவு அல்ல, வெட்கம். பஸ்ஸில் பிடிக்கக் கூடாது, ஆஸ்பத்திரியில் பிடிக்கக் கூடாது என்று ஆன பிறகு, கர்ப்பிணி மனைவியின் முன்னால் பிடிப்பதும் அசிங்கமாகத் தோன்றத் தொடங்கியது.

ஆனால் திண்ணை வெளியே இருக்கிறதே தவிர, தூரத்தில் இல்லை. கதவுக்கும் அதற்கும் நாலு அடி.

*

இன்னொரு புகை

பீடியைப் பற்றி மட்டும் பேசிவிட்டு அடுப்பை விட்டுவிட்டால் கதை பொய்யாகிவிடும்.

தமிழகக் கிராமங்களில் பிறந்த 11,728 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2009-இல் வெளியானது. அவற்றில் 92 சதவீத வீடுகளில் விறகு அல்லது வரட்டி. அந்தப் புகைக்கு ஆளான வீடுகளில் எடை குறைந்த குழந்தை பிறக்கும் அபாயம் 49 சதவீதம் அதிகம்.

சென்னை ஸ்ரீராமச்சந்திரா பல்கலைக்கழகத்தில் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் 1,285 கர்ப்பிணிகளைக் கவனித்து, காற்றின் நுண்துகள் கூடக் கூடப் பிறப்பு எடை குறைவதை 2018-இல் காட்டினார்கள்.

சரி, கேஸ் அடுப்பு கொடுத்தால் தீர்ந்தது என்று தோன்றும். நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளோடு அதையும் செய்து பார்த்தார்கள். இந்தியாவில் அதற்குத் தேர்ந்தெடுத்தது தமிழ்நாட்டின் விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளை. 2022-இல் முடிவு வந்தது. கேஸ் கொடுத்த பெண்கள் சுவாசித்த நுண்துகள் வெகுவாகக் குறைந்தது. பிறப்பு எடை? சராசரி வித்தியாசம் 20 கிராம்தான். அது உறுதியான வித்தியாசம் என்றும் சொல்ல முடியவில்லை.

அந்தக் குழுவுக்கு அது எவ்வளவு கசந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். கர்ப்பம் பல வாரம் கடந்த பிறகு அடுப்பு வந்தது தாமதமா? வெளிக்காற்றில் மிச்சம் இருந்ததா? விவாதம் ஓயவில்லை.

*

பதிவேடு

ஸ்காட்லாந்தில் இருந்த புதையல் நம்மிடம் உண்டா?

உண்டு. அதில் கர்ப்பிணிகளைப் பதியவைக்கும் திட்டத்தின் பெயரும் புதுக்கோட்டைக்காரர் ஒருவரின் பெயர்தான். 1886-இல் இந்த ஊரில் பிறந்து, ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் இடம் வாங்கி, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவர் பெயரில் தமிழக அரசு நடத்தும் மகப்பேறு உதவித் திட்டத்தில் பணம் வேண்டுமானால், கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே பதிய வேண்டும். வாரக் கணக்கு அங்கேயே தொடங்கிவிடுகிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழகப் பிரசவங்களில் 99.6 சதவீதம் ஆஸ்பத்திரியில். எடை போடாத பிள்ளை ஏறக்குறைய இல்லை.

அப்படியானால் 2008 அக்டோபர் 2-க்கு முன்னும் பின்னும் புதுக்கோட்டை ராணியார் ஆஸ்பத்திரியில் பிறந்தவர்களை வரிசையில் வைத்துப் பார்த்துவிடலாமே?

அங்கேதான் சிக்கல். 2006-இல் அந்த உதவித்தொகை 6,000 ரூபாயாக உயர்ந்தது. கர்ப்பிணியின் சாப்பாடு மாறியிருக்கலாம். 2007-இல் இலவச கேஸ் அடுப்பு வீடுகளுக்கு வரத் தொடங்கியது. 2008 செப்டம்பரில், புகைத் தடைக்கு இரண்டு வாரம் முன்பு, 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது. ஸ்காட்லாந்தில் ஒரு தேதி, ஒரு சட்டம். நமக்கு மூன்று வருடத்துக்குள் நான்கு மாற்றங்கள், ஒன்றன் மேல் ஒன்றாக.

பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. புதுக்கோட்டையில் ஒரு கணவன் கூரைக்குக் கீழே, பலகை மாட்டிய இடத்தில் வேலை செய்கிறான். இன்னொருவன் கண்மாய்க் கரையில், கடலை கொல்லையில், சட்டமே எட்டாத வெட்டவெளியில். இருவர் மனைவிக்கும் அதே உதவித்தொகை, அதே கேஸ், அதே ஆம்புலன்ஸ். வேறுபடுவது அந்தப் பலகை ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டால், இரண்டு வீட்டிலும் பிள்ளை பிறந்த வாரம் வேறுபட்டதா? கணவனின் வேலையையும் அவன் பீடியையும் கர்ப்பிணியின் அட்டையில் யாராவது எழுதிவைத்திருக்கிறார்களா?

(தொடரும்)